குடியிருப்போர் நலச்சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர், பொருளாளர், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சுதந்திர தினக் கொடியேற்றம், பொங்கல் விழா, கொசு மருந்து அடித்தது எல்லாம் வழக்கம்போல் நடந்தன. மழைநீர் வடிகால் மனு நகராட்சியில் நிலுவையில் இருக்கிறது. செயற்குழுக் கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை (கோரம்) பல மாதங்கள் சேரவில்லை.

இந்த ஆண்டு சங்கத்தின் நேரத்தை அதிகம் எடுத்துக்கொண்டது, கல்லூரியில் முதலாம் ஆண்டு சேரும் பிள்ளைகளின் குடும்பங்களுக்கு உதவிய வேலை. "ரோடு, சாக்கடை பார்க்கத்தான் சங்கம். அட்மிஷன் வேலை நமக்கு எதற்கு?" என்று சில உறுப்பினர்கள் கேட்டார்கள். அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

நம் நகரின் கடைசித் தெருக்களில் கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகிறவர்கள்தான் அதிகம். பிள்ளைகள் அரசுப் பள்ளியில் படித்து நல்ல மார்க் வாங்குகிறார்கள். ஆனால் கல்லூரிக்குள் போனவர் வீட்டில் ஒருவரும் இல்லை. 2024 மே 6 அன்று பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று என்று எல்லோரும் ஒரே நேரத்தில் இ-சேவை மையத்துக்கு ஓடினார்கள். ஆதாரில் ஓர் இனிஷியல், மதிப்பெண் பட்டியலில் வேறொன்று என்றால் அதைச் சரிசெய்யவே நாள் போய்விடுகிறது. அதனால் மே, ஜூன் மாதங்களில் மாலை நேரத்தில் சங்க அறையைத் திறந்து வைத்தோம். வந்தவர்களின் சான்றிதழ்களைச் சரிபார்த்து, பொறியியல் கலந்தாய்வுக்கும் அரசு கலைக் கல்லூரிகளுக்கும் விண்ணப்பம் போட்டுக் கொடுத்தோம்.

ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2021 முதல் இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டுகிறது. இது தெரியாமல் ஒரு தகப்பனார் வட்டிக்குப் பணம் வாங்கி, கலந்தாய்வுக்கு முன்பே ஒரு தனியார் கல்லூரியில் அட்வான்ஸ் கட்டிவிட்டார். மகனுக்குக் கலந்தாய்வில் இடம் கிடைத்த பிறகு அங்கே பணத்தையும் தரவில்லை, டிசியையும் தரவில்லை. வகுப்பு தொடங்கும் முன் விலகினால் 1000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது, அசல் சான்றிதழ்களை வைத்துக்கொள்ளவும் கூடாது என்பது அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏஐசிடிஇ) விதி. அதைக் குறிப்பிட்டுச் சங்கத்தின் லெட்டர்பேடில் கடிதம் எழுதிக் கொடுத்தோம். இரண்டும் திரும்பி வந்தன.

ஒரு மாணவிக்குக் கலந்தாய்வில் தற்காலிக ஒதுக்கீடு வந்திருந்தது. இரண்டு நாளுக்குள் அதை உறுதி செய்யாவிட்டால் இடம் போய்விடும். அந்த வீட்டில் இருப்பது ஒரே ஒரு போன், அதுவும் அம்மாவோடு வேலைக்குப் போய்விடும். இரண்டாம் நாள் இரவு நம் உறுப்பினர் ஒருவர் நேரில் போய் விசாரித்ததால்தான் அந்தப் பெண் இன்று முதலாம் ஆண்டு படிக்கிறாள். அந்த உறுப்பினருக்கு இந்தச் சபையின் கைதட்டல் சேர வேண்டும்.

சேர்ந்த பிறகும் வேலை இருந்தது. மாணவிகளுக்கான புதுமைப் பெண், மாணவர்களுக்காக 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் என்ற இரண்டு அரசுத் திட்டங்களிலும் மாதம் 1000 ரூபாய் வர வேண்டுமென்றால் வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்க வேண்டும். அதையும் பார்த்துக் கொடுத்தோம். சீனியர் மாணவர்களை அழைத்துப் பெற்றோரோடு பேசவைத்தோம். தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் முதல் செமஸ்டரில் ஆங்கிலப் பாடத்தைக் கண்டு மிரள்வது சகஜம், ஓர் அரியர் விழுந்தால் படிப்பை நிறுத்திவிடாதீர்கள் என்று அவர்கள் சொன்னது பெற்றோர் மனதில் நன்றாகப் பதிந்தது. இரண்டாம் ஆண்டு போனவர்கள் தங்கள் வரைபடக் கருவியான டிராஃப்டரையும் லேப் கோட்டையும் புதியவர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

கணக்கை விரிவாகப் பொருளாளர் வாசிப்பார். வரவுக்குள் செலவு அடங்கியது, கையிருப்பு சிறிது உள்ளது. இந்த உதவி வேலைக்குச் சங்க நிதியிலிருந்து போனது ஜெராக்ஸ், இன்டர்நெட், டீ செலவு மட்டுமே. ஆனால் பாதி வீடுகளுக்கு மேல் இன்னும் ஆண்டுச் சந்தா வரவில்லை. இரண்டு வருடப் பாக்கி வைத்திருப்பவர்களும் உண்டு. சங்கம் என்ன செய்கிறது என்று கேட்பவர்கள் பலரும் இந்தப் பட்டியலில் இருப்பது வருத்தமாக இருக்கிறது.

சங்க அறைக்கு வாடகை வாங்காத வீட்டு உரிமையாளருக்கும், மைக் செட் தந்தவருக்கும், மகளிர் குழுவினருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன். இவ்வளவு வேலையையும் இரண்டு மூன்று பேர் மட்டும் சுமந்தால் தொடர முடியாது. நம் நகரில் ஐடியில் வேலை பார்ப்பவர்கள், பேங்கில் ஓய்வு பெற்றவர்கள், ஆசிரியர்கள் இருக்கிறார்கள். கல்விக் கடன் விண்ணப்பத்தைப் படித்துச் சொல்லவே ஆள் தேவைப்படுகிறது. ரிசல்ட் வரும் வாரத்திலிருந்து மாலையில் ஒரு மணி நேரம் உட்கார முடிந்தவர்கள், கூட்டம் முடிந்ததும் மேசையில் இருக்கும் நோட்டில் பெயர் எழுதுங்கள். சந்தா ரசீது புத்தகமும் அங்கேயே இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்