குழியில் நிற்பது யார் வீட்டுத் தண்ணீர்?

காரைக்குடி,
தை 20

அன்புள்ள சோமு,

கடிதம் கிடைத்தது. பேத்திக்குப் பழனியில் காது குத்தப் போவதாக எழுதியிருந்தாய், ரொம்ப சந்தோஷம். இங்கே பெரிய வீட்டின் முகப்பு ஓடு மாற்ற ஆள் தேடி அலுத்துவிட்டேன். ஓடு கிடைக்கிறது, ஏறி மேய ஆள்தான் இல்லை. பங்காளிகள் எல்லோரும் போனில் யோசனை சொல்கிறார்கள், பணம் மட்டும் வந்து சேரவில்லை. அது இருக்கட்டும்.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். உன் நிலத்தில் கிராவல், அதாவது சரளை மண், எடுத்தவர் குத்தகை முடிந்து போகும்போது குழியை அப்படியே விட்டுவிடுகிறேன், உங்களுக்கு ஒரு ஊரணி இலவசம் என்கிறாராம். மீன் விடலாமா என்று நீயும் கேட்கிறாய். நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

குழியின் சுவரைப் பார்த்தாலே கதை தெரிகிறது. மேலே சிவப்புச் சரளை, சுண்டைக்காய் அளவுச் செம்புராங்கல் உருண்டைகளோடு. அடியில் வெளிறிய களி. இரண்டும் சேரும் இடத்தில் சுவர் நெடுக ஒரு ஈரக்கோடு. அந்தக் கோட்டில் விரலை வைத்தால் தண்ணீர் கசிந்து புறங்கையில் வழிகிறது. மழைத்தண்ணீர் தேங்கியிருந்தால் செம்மண் கரைந்து காவி நிறத்தில் நிற்கும். இது தெளிந்து கிடக்கிறது, ஓரத்தில் தரை தெரிகிறது. சந்தேகம் தீர வேண்டும் என்று பழைய ஆபீஸ் சிநேகிதரிடம் மட்டம் அளக்கும் கருவியான டம்பி லெவல் வாங்கிப் போய் வைத்துப் பார்த்தேன். குழியின் நீர்மட்டமும் மேற்கே இருக்கும் தோட்டக் கிணற்றின் நீர்மட்டமும் நாலு விரல்தான் வித்தியாசம். தோட்டக்காரர் சொன்னது இன்னும் முக்கியம்: குழியில் மோட்டார் போட்டு இறைக்கிற நாட்களில் அவர் கிணறு கீழே போகிறதாம்.

ஆக, அது ஊரணி இல்லை. நம் ஊரணிக்கு வரத்துக்கால் உண்டு, அடியில் களி உண்டு. ஓடிப்போகிற மழையை அது பிடித்து வைக்கிறது. இந்தக் குழிக்கு வரத்தே கிடையாது. மண்ணுக்கடியில் நிழலில் இருந்த தண்ணீரை மேல்மூடியைக் கழற்றி வெயிலில் காட்டியிருக்கிறோம், அவ்வளவுதான்.

வெயில் எவ்வளவு குடிக்கும்? நம் பக்கத்தில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து ஆண்டுக்கு ஒன்றரை மீட்டருக்குக் குறையாமல் ஆவியாகும். குழியிலும் மழை விழுகிறதே என்பாய். விழுகிறது, சுமார் 90 செ.மீ., அதிலும் அதிகம் விழுவது ஐப்பசி கார்த்திகையில். கழித்துப் பார்த்தாலும் ஒரு ஏக்கர் குழியில் துண்டு விழுவது ஏறத்தாழ 24 லட்சம் லிட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரியில் 200 லோடு. அந்த 200 லோடும் அக்கம்பக்கத்துக் கிணறுகளிலிருந்து உன் குழிக்கு ஊறி வந்து ஆவியாகப் போகிறது. உனக்கும் இல்லை, அவர்களுக்கும் இல்லை.

மகன் வீட்டில் கொலராடோவில் தங்கியிருந்தபோது இதே சமாச்சாரத்தை வேறு விதமாகப் பார்த்தேன். டென்வர் பக்கம் சவுத் பிளாட் ஆற்றங்கரை முழுக்கச் சரளைக் குழிகள். அங்கே தண்ணீரில் முதலில் வந்தவனுக்கு முதல் உரிமை. பிந்தி வந்தவன் எடுத்தால் முந்தியவனுக்குக் குறையக் கூடாது. நிலத்தடி நீரைத் திறந்துவிட்ட குழியும் கிணறுதான் என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் 1988-இல் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அதனால் குவாரிக்காரர் கிணற்று அனுமதி வாங்க வேண்டும், குழியில் ஆவியாவது, கல் கழுவுவது, தூசிக்குத் தெளிப்பது, லாரியில் ஏறும் சரளையோடு ஈரமாகப் போவது எல்லாவற்றையும் மாதாமாதம் கணக்கு எழுதி, அதற்கு ஈடான தண்ணீரை ஆற்றில் விட வேண்டும். பாசன வாய்க்கால் கம்பெனியில் ஒருவருக்கு உள்ள தண்ணீர்ப் பங்கையோ, நகராட்சி சுத்திகரித்த கழிவுநீரையோ வாடகைக்கு எடுத்து விடுகிறார்கள். 1980 டிசம்பர் 31-க்கு முன்பே நீர் தெரிந்துவிட்ட குழிகளுக்கு மட்டும் ஆவிக்கணக்கிலிருந்து 1989-இல் விலக்குக் கொடுத்தார்கள். எனக்கு அந்த விலக்கு பிடிக்கவில்லை, வெயிலுக்கு வருஷக்கணக்கு தெரியுமா என்ன!

மண் எடுத்து முடித்தாலும் விடுவதில்லை. குழி திறந்திருக்கும்வரை ஈடு கட்டியாக வேண்டும். அந்தச் செலவுக்குப் பயந்தே பலர் குழியை மூடுகிறார்கள். இல்லையென்றால் சுற்றிலும் அடிப்பாறைவரை அகழி வெட்டி பென்டோனைட் களி கலந்து நிரப்பி, வெளித்தண்ணீர் உள்ளே வராதபடி அடைத்து, நீர்த்தேக்கமாக்கி விற்றுவிடுகிறார்கள். டென்வர் நகரமே அப்படிப்பட்ட குழிகளில் தண்ணீர் சேமிக்கிறது.

இங்கே அப்படிக் கேட்க ஆள் இல்லை. உன் நிலத்துக்கடியில் இருப்பதை நீ எடுத்துக்கொள்ளலாம் என்பது 1882-ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் சட்டம், இன்னும் அந்த நினைப்பில்தான் எல்லோரும் இருக்கிறோம். ஆனால் ஒரு பிடி இருக்கிறது. 2012-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். எத்தனை மீட்டர் ஆழம், முடிந்தபின் குழியை என்ன செய்வது என்பதெல்லாம் அந்தக் காகிதத்தில் இருக்கும். அவரிடம் அதைக் கேள். ஊரணி பேச்சு அதோடு நின்றுவிடும் என்று நினைக்கிறேன்.

என் யோசனை இதுதான். ஒதுக்கி வைத்திருக்கும் மேல்மண்ணையும் கழிவுச் சரளையையும் குழிக்குள்ளேயே தள்ளி, நீர்மட்டத்துக்கு மேலே நன்றாக உயரும்வரை நிரப்பச் சொல். கட்டட இடிபாடு, பஞ்சாயத்துக் குப்பை எதையும் உள்ளே விடாதே, அந்தத் தண்ணீரைத்தான் பக்கத்துக் கிணற்றில் குடிக்கிறார்கள். குளம்தான் வேண்டும் என்றால் வடக்கு மூலையில் ஆழம் குறைவாக, ஈரக்கோட்டுக்கு மேலேயே நிறுத்தி, களி போட்டு மிதித்து, கண்மாய்க் கலிங்கிலிருந்து வழிகிற தண்ணீர் வர ஒரு கால் வெட்டலாம். அதற்கு அந்தக் கண்மாயில் பாசனம் செய்யும் ஆயக்கட்டுக்காரர்கள் சம்மதம் வேண்டும், நான் பேசிப் பார்க்கிறேன். அதுவரை மோட்டாரை நிறுத்தச் சொல். தோட்டக்காரர் நல்ல மனிதர், இதுவரை சண்டைக்கு வரவில்லை.

குத்தகைப் பத்திரத்தையும் அனுமதிக் காகிதத்தையும் நகல் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு, எழுத்து தெரிகிற மாதிரி. குத்தகை பங்குனியோடு முடிகிறது என்றாய், அதனால் தள்ளிப்போடாதே. பொக்லைன் இருக்கும்போதே மூட வைத்தால் அவர் செலவு, போனபிறகு என்றால் உன் செலவு. ஆச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சிதம்பரம்