கட்டுரை பாதியில் நின்றுவிட்டது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில், அமெரிக்காவில் சாசேஜுக்குப் பேர்போன ஆஸ்கர் மேயர் கம்பெனியை ஆரம்பித்த குடும்பத்தின் இறைச்சித் தொழில் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரில் பல வருஷமாகக் குடியிருக்கிறேன், அவர்களுடைய தொழிற்சாலை இருந்த பேக்கர்ஸ் அவென்யூ வழியாகத்தான் தினமும் வேலைக்குப் போய் வருகிறேன், அதனால் படிக்கப் படிக்க ஒரே உறுத்தல். (நான் சுத்த சைவம், அந்தக் கம்பெனிச் சரக்கில் ஒரு துண்டுகூட வாயில் வைத்ததில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.)

வெறுங்கையோடு கப்பலேறிய 14 வயதுப் பையன் தனி ஆளாகச் சாதித்தான் என்று எழுதியிருந்தீர்கள். 1873ல் கப்பலேறியது சரி, வயதும் சரி. தனி ஆள் என்பதுதான் இடிக்கிறது. தென் ஜெர்மனிக் கிராமம் ஒன்றில் பிறந்த ஆஸ்கர், டெட்ராய்ட்டில் ஒரு கறிக்கடையில் தொழில் பழகினார், 1876ல் சிகாகோ போனார், அங்கே ஆர்மர் என்ற பெரிய கம்பெனியில் சில வருஷம் வேலை பார்த்தார். ஆனால் சாசேஜ் (அரைத்த கறியைக் குடல் உறையில் அடைத்தது) போடுவதையும் ஹாம் (பன்றித் தொடைக்கறி) பதப்படுத்துவதையும் நியூரம்பெர்கில் முறையாகக் கற்றவர் அவருடைய சகோதரர் காட்ஃப்ரீட். கணக்கு வழக்கைப் பார்த்துக்கொண்டவர் இன்னொரு சகோதரர் மேக்ஸ். ஒருவர் வியாபாரம், ஒருவர் கைப்பக்குவம், ஒருவர் கல்லாப்பெட்டி. நம்மூரில் இதற்கு 'அண்ட் பிரதர்ஸ்' என்று போர்டு மாட்டுவோம், நீங்கள் ஒருவர் படத்தை மட்டும் பெரிதாகப் போட்டுவிட்டீர்கள்.

1883ல் சிகாகோவின் வடக்குப் பகுதியில் குத்தகைக்கு எடுத்த கடையில் ஆரம்பித்தார்கள். சுற்றிலும் ஜெர்மானியர் குடியிருப்பு, ஊர் ருசி தேடி வந்து வாங்கினார்கள், வியாபாரம் பிடித்துக்கொண்டது. இடத்துக்காரர் சும்மா இருப்பாரா? 1888ல் குத்தகையைப் புதுப்பிக்க முடியாது என்று சொல்லிவிட்டார். வாடகைக் கடையில் நாலு காசு பார்த்த யாருக்கும் இந்தக் கட்டம் புரியும். கடன் வாங்கிப் பக்கத்திலேயே சொந்தமாக மாடிக் கட்டடம் கட்டினார்கள். இது உங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை, எனக்கென்னவோ கப்பலைவிட இதுதான் கதை.

'பேக்கிங்' என்பதையும் பிளாஸ்டிக் உறை போடுவது என்கிற மாதிரி விளக்கியிருந்தீர்கள். அந்தக் காலத்தில் பன்றி இறைச்சியை உப்புப் போட்டுப் பீப்பாயில் அடைத்தார்கள், பேர் அதிலிருந்து வந்தது. நம்ம உப்புக்கண்டத்துக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்படி அடைத்த சரக்கும் சரி, கடையில் தொங்கிய சரக்கும் சரி, யார் செய்தது என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. மேயர்கள் 1904லேயே தங்கள் சரக்குக்குப் பிராண்டுப் பெயர் போட ஆரம்பித்தார்கள். சிகாகோ இறைச்சிக் கூடங்களின் அசிங்கத்தை ஒரு நாவல் போட்டுடைத்து நாடே முகம் சுளித்த 1906ல் மத்திய அரசு இறைச்சிப் பரிசோதனைச் சட்டம் கொண்டுவந்தது, அந்தப் பரிசோதனைத் திட்டத்தில் முந்திச் சேர்ந்தவர்களில் இவர்களும் உண்டு. 1924ல் பேக்கனை (உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றி இறைச்சி) சீவிப் பொட்டலமாக விற்றார்கள். 1929ல் சரம் சரமாகத் தொங்கும் சாசேஜில் நாலில் ஒன்றுக்கு மஞ்சள் காகிதப் பட்டை சுற்றிப் பேர் அச்சடித்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால் எல்லாச் சரமும் ஒரே மாதிரி தொங்கும்போது வாங்குகிறவள் கை அந்த மஞ்சளுக்குத்தான் போகும். கெட்டிக்காரத்தனம், மறுக்கவே மாட்டேன்.

மேடிசன் தொழிற்சாலையை 'மேயர் கட்டிய சாம்ராஜ்யம்' என்கிறீர்கள். அதன் ஆரம்பம் விவசாயிகள் கூட்டுறவாகச் சேர்ந்து நடத்திய தொழிற்சாலை ஐயா. அவர்களால் ஓட்ட முடியவில்லை, 1919ல் ஆஸ்கரின் மகன் வாங்கினார். கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் பட்ட பாட்டைப் பார்த்த நம் வாசகர்களுக்கு இதைச் சொல்லியிருந்தால் சட்டென்று பிடிபட்டிருக்கும். அதே 1919ல்தான் கிரீன் பே ஊரில் ஒரு இறைச்சி டப்பா கம்பெனி அமெரிக்கக் கால்பந்து ஆடும் பையன்களுக்கு உடை வாங்கப் பணம் கொடுத்தது, அந்த அணிக்கு இன்றைக்கும் பேர் பேக்கர்ஸ். இந்த மாநிலத்தில் இந்தத் தொழில் எவ்வளவு ஊறிப்போனது என்பதற்காகச் சொல்கிறேன்.

அப்புறம் முக்கியமான விஷயம். பெரியவர் ஆஸ்கர் 1955ல் 95 வயதில் இறந்ததோடு உங்கள் கட்டுரை சுபம் போட்டுவிட்டது. 1981ல் கம்பெனி ஜெனரல் ஃபுட்ஸ் என்ற பெரிய உணவுக் கம்பெனி கைக்குப் போய்விட்டது. அந்த ஜெனரல் ஃபுட்ஸை 1985ல் சிகரெட் கம்பெனியான பிலிப் மோரிஸ் வாங்கியது, பிறகு கிராஃப்ட், பிறகு கிராஃப்ட் ஹைன்ஸ். 2015 நவம்பரில் மேடிசன் தொழிற்சாலையை மூடப்போவதாக அறிவிப்பு வந்தது, 2017ல் மூடியே விட்டார்கள். ஒரு காலத்தில் 4,000 பேர் வேலை பார்த்த இடம் அது. மூடும் நேரத்தில் மிஞ்சியிருந்தது சில நூறு பேர்தான்.

எங்கள் தெருவில் அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் இருக்கிறார். ஜூலை வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான், குளிர் அறையில் நின்று நின்று பழகிப்போச்சு என்பார். ஒருநாள் சமையலறை டிராயரைத் திறந்து சாசேஜ் வடிவத்தில் ஒரு குட்டிச் சிவப்பு விசிலை எடுத்து என் மகளிடம் கொடுத்தார், கம்பெனி வண்டி வந்தால் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்களாம். அவள் ஊதி ஊதித் தெருவையே கூட்டிவிட்டாள். அவர் மாதிரி ஒருவரிடம் பேசிவிட்டு எழுதியிருந்தால் கட்டுரை 1955ல் நின்றிருக்காது. இரண்டாம் பகுதி போட்டால் நானே அழைத்துப்போய் அறிமுகம் செய்கிறேன், மனுஷர் நன்றாகப் பேசுவார்.

கடைசியாக ஒரு சின்னத் திருத்தம். சாசேஜ் வடிவ விளம்பர வண்டியின் படத்துக்குக் கீழே '1936ல் உருவான முதல் வண்டி' என்று போட்டிருக்கிறீர்கள். அது இப்போது ஓடும் வண்டி, 27 அடி நீளம். ஆஸ்கரின் உறவினர் கார்ல் மேயர் 1936ல் செய்வித்தது வெறும் 13 அடி.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மேடிசன், விஸ்கான்சின்.