கல்யாணத்தோடு முடிந்த படத்தை நான் பார்த்திருக்கிறேன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் திரைப் பக்கத்தில் மூன்று வாரங்களாக 'ஆன் ஹெர் மெஜஸ்டிஸ் சீக்ரெட் சர்வீஸ்' என்ற 1969ஆம் ஆண்டு ஜேம்ஸ் பாண்ட் படத்தைப் பற்றி வாசகர்கள் நடத்தும் வாதத்தை ஒரு வரி விடாமல் படித்துவருகிறேன். அதில் பாண்டாக நடித்த ஜார்ஜ் லேசன்பி ஒரே படத்தோடு போனதே நல்லது என்கிறார் ஒருவர். அவருக்கு முன் பாண்டாக இருந்த ஷான் கானரி நடித்திருந்தால் பாண்ட் படங்களிலேயே இதுதான் முதலிடத்தில் நின்றிருக்கும் என்கிறார் மற்றொருவர். இதில் தலையிடும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. ஆனால் சென்ற வாரம் ஒரு வாசகர், படத்தைக் கல்யாணத்தோடு முடித்திருக்க வேண்டும், அதற்குப் பிறகு வருவது வலிந்து சேர்த்த சோகம் என்று எழுதிவிட்டார். அவர் கேட்கும் படத்தை நான் பார்த்திருக்கிறேன், ஐயா. அதனால்தான் எழுதுகிறேன்.

1970களின் தொடக்கம். எனக்குக் கல்லூரியில் முதலாண்டு. சென்னையில் ஒரு திரையரங்கில் காலைக் காட்சிக்கு நண்பர்களோடு போனேன். படம் 142 நிமிடம் ஓடக்கூடியது. அதற்கு முன் செய்திப் படம், நடுவில் இடைவேளை. பகல் காட்சிக்கு டிக்கெட் எடுத்தவர்கள் வெளியே வெயிலில் நின்றார்கள். திரையில் பாண்டுக்கும் டிரேசிக்கும் திருமணம் முடிந்தது. கண்ணீரோடு நின்ற அலுவலகச் செயலாளர் மணிபென்னியை நோக்கித் தொப்பியை வீசுகிறான் பாண்ட். பூக்களால் அலங்கரித்த கார் புறப்பட்டது. அவ்வளவுதான், திரை இருண்டது, விளக்குகள் எரிந்தன, பக்கவாட்டுக் கதவுகளைத் திறந்துவிட்டார்கள். நாங்களும் கைதட்டிவிட்டு எழுந்து வந்தோம். அடுத்த காட்சிக்கு நேரமாகிவிட்டதென்று படத்தின் உயிரை வெட்டி வைத்துக்கொண்டார்கள் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

பத்து ஆண்டுகளுக்கு மேல் அதை சுபமாக முடிந்த படம் என்றே எண்ணியிருந்தேன். எண்பதுகளில் 'ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி' பார்க்கப் போனேன். அதற்குள் கோடம்பாக்கத்தில் ஒரு எடிட்டிங் அறையில் உதவியாளனாகச் சேர்ந்திருந்தேன். முதல் காட்சியில், அப்போது பாண்டாக நடித்த ரோஜர் மூர் பூங்கொத்தோடு ஒரு கல்லறைக்குப் போகிறார். கல்லில் தெரசா பாண்ட் என்ற பெயர் (டிரேசியின் முழுப்பெயர் தெரசா), 1943–1969, ஜேம்ஸ் பாண்டின் அன்பு மனைவி என்று பொறித்திருக்கிறது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இவள் எப்போது செத்தாள்?" என்று பக்கத்து இருக்கை நண்பனிடம் கேட்டேன். "கடைசியில் சுட்டுவிடுவார்களே, மறந்துவிட்டாயா?" என்றான். மறக்க நான் பார்த்திருந்தால்தானே!

அந்தக் கல்லறைக் காட்சியை எடுத்த ஜான் க்ளென்தான் 1969 படத்தின் எடிட்டர் என்பது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. 'ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி'தான் அவர் முதன்முதலாக இயக்கிய படம். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் தன் மேசையில் வெட்டி ஒட்டிய சாவுக்கு, தன் முதல் காட்சியிலேயே பூ வைக்கப் போயிருக்கிறார் மனிதர். எங்கள் தொழிலில் இருந்தவர்களுக்குத்தான் அது எப்படிப்பட்ட மரியாதை என்று விளங்கும்.

பிறகு ஒரு வீடியோ காசெட் கிடைத்தது. காரின் மேலிருந்த பூக்களை எடுத்துப்போட பாண்ட் வண்டியை ஓரமாக நிறுத்துகிறான். இன்னொரு கார் சீறிக்கொண்டு போகிறது, துப்பாக்கி வெடிக்கிறது. அது வில்லன் ப்ளோஃபெல்ட் என்று கத்திக்கொண்டே பாண்ட் வண்டிக்குள் ஏறித் திரும்பினால், டிரேசி அசையாமல் இருக்கிறாள். மோட்டார் சைக்கிளில் வந்து நிற்கும் போலீஸ்காரரிடம், இவள் ஓய்வெடுக்கிறாள், அவசரமில்லை, எங்களுக்கு வேண்டிய நேரம் இருக்கிறது என்கிறான். கடைசியாக நாம் பார்ப்பது குண்டு துளைத்த கண்ணாடி மட்டும்தான். அழுகிற முகத்தில் நிறுத்தாமல் கண்ணாடியின் ஓட்டையில் நிறுத்தினார்களே, அந்த முடிவை எடுத்த கையை நான் கும்பிடுகிறேன்.

வலிந்து சேர்த்த சோகம் என்பதும் சரியல்ல. இயன் ஃப்ளெமிங் எழுதி 1963இல் வெளிவந்த மூல நாவலும் இப்படித்தான் முடிகிறது. இயக்குநர் பீட்டர் ஹன்ட் அதை மாற்ற மறுத்ததுதான் அவருடைய துணிச்சல்.

இந்த முடிவு வந்து சேர்ந்த பிறகு முன்னால் பார்த்தவையெல்லாம் வேறாகிவிட்டன. லூயி ஆம்ஸ்ட்ராங் பாடும் பாட்டு நடுவில் வருகிறது. காலைக் காட்சியில் அது எனக்குக் குதிரைச் சவாரியும் கடற்கரையுமாக ஒரு காதல் பாட்டு, அவ்வளவே. பாண்ட் கடைசியாகச் சொல்கிற வாக்கியம்தான் அந்தப் பாட்டின் முதல் அடி என்று தெரிந்த பிறகு, இன்றுவரை அதை முழுதாகக் கேட்க முடியவில்லை.

லேசன்பிக்கு வருகிறேன். அவர் நடிகராக வளர்ந்தவர் அல்ல, ஆஸ்திரேலியாவிலிருந்து போன விளம்பர மாடல். வசனத்தில் தடுமாறுகிறார், ஒப்புக்கொள்கிறேன். மாறுவேடத்தில் மலை உச்சிக்குப் போகும் பகுதியில் அவருக்கு ஜார்ஜ் பேக்கர் குரல் கொடுத்திருக்கிறார். கோடம்பாக்கத்தில் காலம் கழித்த எனக்கு இரவல் குரல் குற்றமாகப் படவில்லை. அந்தப் பகுதி கொஞ்சம் நீளம்தான். பனிச்சறுக்கில் சில இடங்களில் பின்திரை வைத்து எடுத்தது பளிச்சென்று தெரிகிறது. ஆனால் ஸ்கேட்டிங் காட்சியைப் பாருங்கள். துரத்தி வருபவர்களிடமிருந்து தப்பி, கோட்டுக் காலரை உயர்த்திக்கொண்டு கூட்டத்தில் ஒளிந்து உட்கார்ந்திருக்கிறான் பாண்ட். கரடி வேடம் போட்ட ஒருவர் புகைப்படம் எடுக்க, அந்த வெளிச்சத்துக்கே நடுங்குகிறான். அப்போது ஸ்கேட்டிங் காலணி போட்ட இரண்டு கால்கள் அவன் முன்னால் வந்து நிற்கின்றன. மெல்ல நிமிர்ந்தால், டிரேசி. டிரேசியாக நடித்த டயானா ரிக்கின் அந்தச் சிரிப்பில் பாண்டோடு சேர்ந்து நமக்கும் மூச்சு வருகிறது. கானரி எந்த இடத்துக்குள் நுழைந்தாலும் அந்த இடத்தின் சொந்தக்காரராகத்தான் நுழைவார். அவர் உட்கார்ந்து பயந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். இந்தப் பையன் பயந்தான், நம்பினேன்.

பீட்டர் ஹன்டும் 'டாக்டர் நோ' முதலே பாண்ட் படங்களின் எடிட்டராக இருந்தவர்தான். மாட்டு மணிகள் தொங்கும் கொட்டகைச் சண்டையில் அந்தக் கை தெரிகிறது. கை ஓங்குவது ஒரு ஷாட், அடி விழுவது அடுத்த ஷாட், நடுவில் இருந்த பிரேம்களைக் காணோம். ஆட்கள் மோத மோத மணிகள் அலறுகின்றன. மூவியோலா என்ற எடிட்டிங் இயந்திரத்தில் உட்கார்ந்து இப்படி வெட்ட முயன்று நான் எத்தனையோ அடி பிலிமைப் பாழாக்கியிருக்கிறேன்.

போன மாதம் என் பேத்தியோடு இந்தப் படத்தைப் பார்த்தேன். கல்யாணம் முடிந்து கார் கிளம்பியதும், "நல்லா இருந்தது தாத்தா" என்று எழுந்தாள். அவள் கையைப் பிடித்து, "உட்கார் கண்ணு, இன்னும் கொஞ்சம் இருக்கிறது" என்றேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உதவி எடிட்டர்,
சாலிகிராமம், சென்னை.