ஞாயிற்றுக்கிழமைப் பந்தும் மாமா குடித்த சோடாவும்

அன்புள்ள கண்ணனுக்கு,

உன் குழுவில் ஒரு பையனுக்கு நெஞ்சில் பந்து பட்டதையும், அவன் சற்று நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத் தானே பைக் ஓட்டி வீடு போனதையும் நேற்று சிரித்துக்கொண்டே சொன்னாய். முப்பது ஆண்டுகள் அரசு மருத்துவமனையில் செவிலியாக இருந்தவளுக்கு அதன்பிறகு தூக்கம் வரவில்லை. தொலைபேசியில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய் என்பதால் எழுதுகிறேன்.

வெளியே காயம் இல்லை என்பதை வைத்து உள்ளே ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லிவிட முடியாது. முறிந்த விலா எலும்பின் முனை நுரையீரலைக் குத்தினால், காற்று கசிந்து மார்புக்கூட்டுக்குள் சேர்ந்து நுரையீரலைச் சுருக்கிவிடும்; அது சில மணி நேரம் கழித்தும் தெரியவரலாம். மூச்சு வாங்கினாலோ, மார்பின் ஒரு பக்கம் மட்டும் சரியாக ஏறி இறங்காவிட்டாலோ, இருமலில் இரத்தம் வந்தாலோ தாமதிக்கக் கூடாது. சிலருக்குத் தோலுக்கடியில் காற்று புகுந்திருக்கும். விரலால் அழுத்தினால் பொரி நொறுங்குவதுபோல் நறநறக்கும். விலாவைத் துணியால் இறுக்கிக் கட்டும் பழைய வழக்கம் மூச்சை மேலும் குறைக்கும் என்பதால் அதைச் செய்யாதே. நெஞ்சில் ஏதாவது குத்தி நின்றால் அதைப் பிடுங்காதே.

அரிதாக இன்னொன்றும் நடக்கும். இதயத்துக்கு நேர் மேலே, ஒரு துடிப்பின் மிகச் சிறிய கணத்தில் அடி விழுந்தால், எலும்பு முறியாமலேயே இதயம் தாறுமாறாக நடுங்கி, இரத்தத்தை இறைப்பதை நிறுத்திவிடும். 2023 ஜனவரி 2 அன்று அமெரிக்காவின் சின்சினாட்டியில் டமார் ஹாம்லின் என்ற அமெரிக்கக் கால்பந்து (ரக்பி போன்ற ஆட்டம்) வீரர் மார்பில் மோதல் பட்டு, எழுந்து நின்று, மறுகணமே சாய்ந்தார். மைதானத்திலேயே மார்பை அழுத்தி, மின்னதிர்ச்சியும் கொடுத்ததால்தான் பிழைத்தார். பிறகு மீண்டும் விளையாடவும் வந்தார்.

அப்படி ஒருவன் விழுந்து, தட்டிக் கூப்பிட்டும் பதில் சொல்லாமல், கரையில் போட்ட மீன்போல் விட்டு விட்டு வாயைத் திறந்து இழுத்தால், அதை மூச்சு என்று எண்ணி ஏமாறாதே. ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். நீ அவன் நடுமார்பில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, முழங்கையை மடக்காமல், 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்து. ஒவ்வோர் அழுத்தத்துக்குப் பின்னும் மார்பு முழுதாக மேலெழ விடு. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள். விலா எலும்பு முறியும் சத்தம் கேட்டாலும் நிறுத்தாதே.

மாரடைப்பு இவ்வளவு வெளிப்படையாக வருவதில்லை. உன் பெரிய மாமா அன்றிரவு பத்து மணிக்கு நெஞ்சை ஏதோ அமுக்குகிறது, வாயுதான் என்று சொல்லிக் கோலி சோடாவும் ஓமத் தண்ணீரும் குடித்தார். செவிலியான நானே தொலைபேசியில், "என்ன அண்ணா சாப்பிட்டீர்கள்?" என்றுதான் முதலில் கேட்டேன். வேர்த்துக் கொட்டுகிறதா, இடது கைக்கோ தாடைக்கோ வலி பரவுகிறதா என்று கேட்டிருக்க வேண்டும். அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு, சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் வலியே பெரிதாகத் தெரியாமல் மூச்சுத் திணறலும் களைப்பும் மட்டும் வரலாம் என்பதையும் நான் நினைத்திருக்க வேண்டும். ஈ.சி.ஜி. எடுத்தபோது மணி இரண்டு. உயிர் பிழைத்தார், ஆனால் அந்த நான்கு மணி நேரத்தில் செத்த இதயத் தசை திரும்பவில்லை. மாடிப்படியில் அவர் பாதியில் நிற்பதை நீயே பார்த்திருக்கிறாய்.

மாரடைப்பு என்று சந்தேகம் வந்தால் 108-ஐ அழைத்து, நோயாளியை நடக்கவிடாமல் சாய்ந்து உட்காரவைத்துவிட்டு, ஒவ்வாமையோ இரத்தக்கசிவோ இல்லையென்றால் 300 மி.கி. ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொல். நெஞ்சில் அடிபட்டவருக்கு அதைக் கொடுத்துவிடாதே. உள்ளே கசியும் இரத்தம் நிற்காது. பலமாக இருமினால் மாரடைப்பு நிற்கும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, அதை நம்பாதே.

இதைப் படித்ததும் அந்தப் பையனைக் கூப்பிட்டு, மூச்சை ஆழமாக இழுத்துப் பார்க்கச் சொல். குத்துகிறது என்றால் இன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப்போ. பைக்கை நீ ஓட்டாதே, ஆட்டோவில் போங்கள். போய் வந்து எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா