எலுமிச்சைச் சாறும் தேங்காய் எண்ணெயும் மாய்ஸ்சரைசர் ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு மகளிர் பக்கத்தில் வந்த அழகுக் குறிப்பைப் பற்றி எழுதுகிறேன். வேர்த்துக் கொட்டும் நம் நாட்டில் முகத்துக்கு மாய்ஸ்சரைசர் வீண் செலவு, காலையில் எலுமிச்சைச் சாறும் இரவில் தேங்காய் எண்ணெயும் தடவினால் போதும் என்று அதில் இருந்தது. பகல் முழுக்க வெளியில் இருப்பவர் எழுதியதோ என்னவோ. எங்கள் பொழுது அப்படிப் போவதில்லை.

நான் பினாங்கின் பாயான் லெப்பாஸில் கணினிக்கான ஹார்ட் டிஸ்க் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் லைன் லீடர், அதாவது ஒரு தயாரிப்பு வரிசைக்குப் பொறுப்பாளர். என் லைனில் இருக்கும் பெண்களில் பாதிப் பேர் பட்டர்வொர்த், பிறை பக்கமிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவர்கள். பஸ்ஸில் ஏர்கோன் (குளிர்சாதனம்), லாக்கர் அறையில் ஏர்கோன், தூசி புகாமல் வைத்திருக்கும் கிளீன்ரூமைக் கேட்கவே வேண்டாம். வெளியே காற்றில் ஈரப்பதம் 80 சதவீதம் இருக்கும் நாளிலும் உள்ளே சுவரில் இருக்கும் மீட்டர் 45 காட்டும். காற்று ரொம்பக் காய்ந்தால் நிலைமின்சாரம் பாகங்களைக் கெடுக்கும், ஈரம் கூடினால் உலோகம் அரிக்கும் என்பதற்காக வைத்த கணக்கு அது. எங்கள் கன்னத்துக்காக யாரும் கணக்கு வைக்கவில்லை. 12 மணி நேர ஷிஃப்ட் முடிந்து மாஸ்க்கைக் கழற்றினால் மூக்கின் இரண்டு பக்க மடிப்பிலும் வெள்ளை வெள்ளையாகத் தோல் உரிந்திருக்கும். வாயை அகலத் திறந்து சிரித்தால் எரியும். வங்கி கவுண்டரில் உட்காருபவர்கள், பேரங்காடியில் நாள் முழுக்க நிற்பவர்கள், ஏர்கோன் போட்டுத் தூங்குபவர்கள் எல்லோரும் ஏறக்குறைய இதே காற்றில்தான் இருக்கிறார்கள். நம் ஊர் வெயிலை வைத்து மட்டும் முகத்துக்கு வைத்தியம் சொல்வது சரியில்லை.

அப்புறம் அந்த எலுமிச்சைச் சாறு. தயவுசெய்து இன்னொரு முறை போடாதீர்கள். எலுமிச்சை, லீமாவ் வகைச் சாற்றில் இருக்கும் சில பொருள்கள் தோலில் பட்டு, அதன்மேல் வெயிலும் பட்டால் கொப்புளம் போடும். நம் மாதிரி மாநிறத் தோலில் கொப்புளம் ஆறினாலும் கருந்திட்டு மாதக்கணக்கில் நிற்கும். தேங்காய் எண்ணெய் அவ்வளவு மோசமில்லை. கைகாலுக்குத் தாராளமாகப் பூசலாம். ஆனால் பரு வரும் முகத்தில் அது துவாரத்தை அடைத்துக்கொள்ளும். என் லைனில் இருக்கும் சின்னப் பெண்கள் பலருக்கு நெற்றி ஓரத்தில் பரு வருவதற்குத் தலைக்கு வைக்கும் எண்ணெய் வழிவதுதான் காரணம் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

டப்பாவைத் திருப்பிப் பின்பக்கம் படிக்கும் பழக்கம் எனக்கு வேலையால் வந்தது. கிளீன்ரூமுக்குள் பவுடர், மஸ்காரா எதுவும் கூடாது, துகள் பறக்கும். எங்கள் பகுதியில் சிலிக்கோன் கலந்த கிரீமுக்கும் தடை. அது டிஸ்க்கில் படிந்தால் பாகம் வீண். அதனால் புதிதாக வரும் பெண்களின் கிரீமை வாங்கி, ‘கோன்’ என்றோ ‘சிலோக்சேன்’ என்றோ முடியும் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு. (டைமெத்திகோன் என்ற சிலிக்கோன் தோலுக்குக் கெடுதல் என்று யாரும் இதை வைத்துப் பயப்பட வேண்டாம். டிஸ்க்குக்குத்தான் ஆகாது, முகத்துக்கு நல்லதே.)

இப்படிப் படித்துப் படித்துத் தெரிந்துகொண்டது ஒன்று. டப்பாவில் இருக்கும் பொருள் பட்டியலில் எந்தப் பொருள் அதிகமோ அது முதலில் வர வேண்டும் என்பது விதி. 1 சதவீதத்துக்குக் கீழே இருப்பவற்றை மட்டும் எந்த வரிசையிலும் எழுதலாம். பினாக்சிஎத்தனால் என்று ஒரு பதப்படுத்தி நிறைய கிரீம்களில் இருக்கும். அதை 1 சதவீதத்துக்கு மேல் சேர்க்க அனுமதி கிடையாது. ஆக, அதற்குப் பின்னால் வரும் எதுவும் 1 சதவீதத்தைத் தாண்டாது. பெட்டியின் முன்பக்கம் தங்க எழுத்தில் முத்து, குங்குமப்பூ என்று போட்டிருப்பார்கள். பின்பக்கம் பார்த்தால் அவையெல்லாம் பினாக்சிஎத்தனாலுக்குப் பின்னால், வாசனைக்குப் பக்கத்தில் கிடக்கும். அந்த முத்துக்குத்தான் 90 வெள்ளி (ரிங்கிட்) கொடுக்கிறோம்.

மாய்ஸ்சரைசருக்கு இருப்பது ஒரே வேலை, தோலில் இருக்கும் தண்ணீரைப் போகவிடாமல் பிடித்து வைப்பது. கிளிசரின், ஹயலூரோனிக் ஆசிட், யூரியா போன்றவை தண்ணீரை இழுத்துப் பிடிக்கும். செராமைடு என்ற கொழுப்பு தோலின் மேலடுக்கில் விட்டுப்போன இடத்தை நிரப்பும். பெட்ரோலேட்டம், அதாவது வாஸ்லின், சோற்றுப் பானைக்கு மூடி போட்ட மாதிரி மேலே நின்று ஆவி போகாமல் தடுக்கும். டைமெத்திகோனும் அதே வேலையைப் பிசுபிசுப்பு இல்லாமல் செய்யும். எண்ணெய் வடியும் முகத்துக்கு ஜெல் போதும். வறண்ட முகமோ, ஐம்பது தாண்டிய என் போன்ற முகமோ என்றால் மூடி போடும் பொருள் ஒன்றாவது உள்ள கிரீம் வேண்டும். காய்ந்த ஏர்கோன் காற்றில் இழுக்கும் பொருள் மட்டும் இருந்தால் பத்தாது. பருவுக்கு பென்சாயில் பெராக்சைடோ அடாப்பலினோ பூசுகிறவர்கள் மாய்ஸ்சரைசரை விடவே கூடாது. அந்த மருந்துகள் தோலை நன்றாகக் காய வைக்கும். வாசனை சேர்க்காததாகப் பார்த்து வாங்குங்கள். பார்மசியில் கேட்டால் ட்யூபிலோ பம்பிலோ எடுத்துக் கொடுப்பார்கள். வாயகன்ற டப்பாவில் தினம் விரலை விட்டுத் துழாவுவதைவிட அது சுத்தம். அரசாங்க கிளினிக்கில் கொடுக்கும் அக்குவஸ் கிரீமைப் பலர் முகத்துக்கும் பூசுகிறார்கள். சில தயாரிப்புகளில் சோடியம் லாரில் சல்ஃபேட் இருக்கும். குளிக்கும்போது சோப்புக்குப் பதில் தேய்த்துக் கழுவ அது நல்லது, முகத்தில் பூசி அப்படியே விட்டால் சிலருக்கு எரியும்.

பூசும் விதத்தில் பெரிய ரகசியம் இல்லை. முகம் கழுவியதும் துண்டால் ஒற்றி, ஈரம் முழுக்கக் காயும் முன் பூச வேண்டும். என் லைன் பெண்கள் செய்வதைச் சொல்கிறேன். லாக்கர் அறைக் குழாயில் முகத்தைக் கழுவி, நடுவிரலில் கொஞ்சம் எடுத்து, முதலில் மாஸ்க் கம்பி அழுத்தும் மூக்குத் தண்டிலும் கன்ன எலும்பிலும் வைப்பார்கள். மிச்சம்தான் நெற்றிக்கும் தாடைக்கும். ஷூவை மாற்றுவதற்குள் அது தோலில் இறங்கிவிடும், பிறகு மாஸ்க். புதுக் கிரீம் வாங்கினால் காதுக்குக் கீழே தாடை ஓரத்தில் சில நாள் பூசிப் பார்த்துவிட்டு முகத்துக்குப் போவார்கள். பகலில் வெளியே போவதென்றால், முக்கியமாக மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள், இதன்மேல் எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன் பூச வேண்டும். முகம் சாம்பல் பூத்த மாதிரி ஆகிறது என்று நம் பிள்ளைகள் அதைத் தொடுவதில்லை. ஜெல் வகையில் அந்த வெளுப்பு அவ்வளவாகத் தெரியாது.

இவ்வளவு எழுத வைத்தது இன்னொரு விஷயம். மாய்ஸ்சரைசர் தேவையில்லை என்று சொல்லும் அதே வீடுகளில் ‘செட்’ இருக்கிறது. ஒரு சோப்பு, ஒரு டோனர், வெள்ளை டே கிரீம், மஞ்சள் நைட் கிரீம். லைவ் விற்பனையில் யாரோ ஒருவர் கையைத் தட்டித் தட்டி விற்பார். என்னோடு வேலை செய்யும் ஒரு தங்கச்சி அப்படி ஒன்று வாங்கினாள். டப்பாவில் பூப் படம் போட்ட ஸ்டிக்கர் மட்டும்தான், பொருள் பட்டியலும் இல்லை, முகவரியும் இல்லை. கொஞ்ச நாளில் முகம் பளிச்சென்று ஆனது, நாங்களும் பார்த்தோம். நிறுத்தியதும் இரண்டு கன்னமும் சிவந்து, மெல்லிய ரத்த நாளங்கள் தெரிய, தண்ணீர் பட்டாலே எரிந்தது. கிளினிக்கில் டாக்டர் முகத்தைப் பார்ப்பதற்கு முன் டப்பாவைத்தான் கேட்டார்.

தண்ணீரைப் பிடித்து வைக்கும் கிரீம் யாரையும் ஒரு வாரத்தில் வெள்ளையாக்காது. ஆக்கினால் உள்ளே வேறு சரக்கு இருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். சுகாதார அமைச்சு பிடிக்கும் கிரீம்களில் திரும்பத் திரும்ப அகப்படுபவை பாதரசம், ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினோயின், பீட்டாமெத்தசோன். பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பீட்டாமெத்தசோன் ஸ்டீராய்டு, தோலை மெலிய வைக்கும். ட்ரெட்டினோயினைக் கர்ப்பிணிகள் பூசக் கூடாது. இவற்றில் சிலவற்றை டாக்டர் எழுதிக் கொடுப்பார், அது வேறு. பூப்பட டப்பாவில் வருவது வேறு.

2008 முதல் நம் மலேசியாவில் விற்கும் ஒவ்வொரு அழகுப் பொருளையும் என்.பி.ஆர்.ஏ. எனப்படும் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்திடம் அறிவிக்க வேண்டும். என்.ஓ.டி. என்று தொடங்கி ‘கே’ என்று முடியும் எண் கொடுப்பார்கள். எண்ணையோ பொருளின் பெயரையோ அவர்கள் இணையத்தளத்தில் போட்டால் வந்துவிடும், கைப்பேசியிலேயே பார்க்கலாம். அறிவிக்காத பொருளை விற்கும் தனிநபருக்கு முதல் குற்றத்துக்கே 25,000 வெள்ளி வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். எண் இருந்தால் எல்லாம் சுத்தம் என்றும் நம்பிவிட முடியாது. எண் கொடுக்கும் முன் யாரும் டப்பாவைத் திறந்து சோதிப்பதில்லை, கடைக்கு வந்த பிறகுதான் எடுத்துப் பார்க்கிறார்கள். எண் வாங்கிய பின் மருந்து கலந்திருப்பது தெரிந்து அதை ரத்து செய்த பொருள்களும் உண்டு.

இங்கேதான் உங்கள் பத்திரிகையின் உதவி வேண்டும். அமைச்சு அப்படி ரத்து செய்யும்போது வரும் அறிக்கை மலாய் நாளேடுகளில் பொருளின் பெயரோடு வருகிறது. நம் பத்திரிகைகளில் ‘சில அழகுப் பொருள்களுக்குத் தடை’ என்று நாலு வரியில் முடிந்துவிடுகிறது. எந்தக் கிரீம் என்று தெரியாமல் அந்தச் செய்தியை வைத்து என்ன செய்வது? பெயர்களைத் தமிழிலும், பெட்டியில் இருக்கும்படியே ரூமி (ஆங்கில) எழுத்திலும் கட்டம் கட்டிப் போடுங்கள். வெள்ளையாக்கும் கிரீம் விளம்பரம் வந்தால் என்.ஓ.டி. எண்ணைக் கேட்டு வாங்கி, சரிபார்த்து, விளம்பரத்திலேயே அச்சிடுங்கள். மகளிர் பக்கத்துக்கு மாதம் ஒரு முறையாவது ஒரு மருந்தாளுநரை எழுதச் சொல்லுங்கள். தீபாவளி போனஸ் கைக்கு வரும் நேரத்தில்தான் இந்தச் செட் வியாபாரம் எங்கள் லாக்கர் அறை வரைக்கும் வருகிறது. அதற்கு முன் தொடங்கினால் உபகாரமாக இருக்கும்.

இப்படிக்கு,
லைன் லீடர் ஒருவர்,
பாயான் லெப்பாஸ், பினாங்கு