உள்ளே விட்டவரையும் எழுதிவையுங்கள்

மதிப்பிற்குரிய கணினி மையப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். மதிப்பெண் சர்வரில் யாரோ அத்துமீறி நுழைந்ததை நீங்கள் அறிவீர்கள். உள்ளே நுழைந்தது யார் என்று மூன்று நாளில் விளக்கம் கேட்டு எனக்குக் குறிப்பாணை அனுப்பியிருக்கிறீர்கள். பதிலை எல்லோரும் படிக்கும்படியே எழுதுகிறேன்.

யார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள இருந்த ஒரே வழியை அடைத்ததும் நீங்கள்தான்.

அன்றிரவு பதினொன்றரை மணிக்குப் பதிவுக் கோப்பைத் திறந்தேன். ‘ஃபெயில்’, ‘ஃபெயில்’, ‘ஃபெயில்’. கீழே போகப் போக அதுவேதான். எந்தெந்த ஊரிலிருந்தோ வந்து கதவைத் தட்டித் திரும்பிய முகவரிகள். விடியற்காலை நான்கு மணிவரை தேடியும் உள்ளே விட்டதைக் குறிக்கும் ‘ஸ்டார்ட்’ என்று தொடங்கும் வரி ஒன்றுகூட இல்லை. தோற்றவர்கள் பட்டியலை மட்டும் ஒட்டிவிட்டுத் தேர்ச்சிப் பட்டியலைக் கிழித்துப்போட்ட பலகை மாதிரி இருந்தது. மதிப்பெண் வாங்கும் நிரல் நாமே எழுதியது; அது தனியாகப் பதிவு வைப்பதில்லை. வரும் இணைப்புகளை வாசலில் வாங்கி அந்த நிரலிடம் விடும் எக்ஸ்ஐநெட்டி எழுதினால்தான் உண்டு. அதன் அமைப்புக் கோப்பில், உள்ளே விட்டவரையும் பதியச் சொல்லும் ‘லாக் ஆன் சக்சஸ்’ வரியை, வட்டு நிறைகிறது என்று எடுக்கச் சொன்னது உங்கள் சுற்றறிக்கை.

வட்டை நிறைத்தது யார்? நிமிடத்துக்கு ஒருமுறை, நாளைக்கு 1440 முறை, சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கும் உங்கள் கண்காணிப்புக் கணினி. அந்த ஒரு முகவரியை மட்டும், பதிவுகளைக் கோப்பில் சேர்க்கும் ஆர்சிஸ்லாக்கில் ஒரு விதி போட்டுப் பதிவிலிருந்து ஒதுக்கியிருக்கலாம்.

1990இல் நெதர்லாந்தின் ஐந்தோவன் பல்கலைக்கழகத்தில் வீட்சே வெனமா டிசிபி ராப்பர் என்ற வாசற்காவல் நிரலை எழுதியதே, கோப்புகளை அழித்துக்கொண்டிருந்த ஒருவன் எங்கிருந்து வருகிறான் என்று குறித்துவைக்கத்தான். ஆளைத் தடுக்கும் வேலை பிறகு வந்து சேர்ந்தது. 2022 ஏப்ரல் 28 அன்று இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவு 180 நாள் பதிவுகளை வைத்திருக்கச் சொல்கிறது. வெற்றி பெற்றவை, பெறாதவை இரண்டையும் பதியவேண்டும் என்று அதன் விளக்கக் குறிப்பு சொல்கிறது. உங்கள் மேசையிலும் ஒரு பிரதி இருக்கும்.

நேற்று உங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது வாசலில் பெயர், பைக் எண், பார்க்க வந்தவர், வந்த நேரம் எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் விட்டார்கள். அந்தக் காவலாளியைச் சர்வர் அறைக்கு மாற்றினால் என்ன என்று தோன்றியது. சர்வரில் ஓடும் சென்டோஸ் 7 இயங்குதளத்துக்கான ஆதரவு 2024 ஜூன் 30உடன் முடிந்துவிட்டது. மாற்றக் கேட்ட கோப்பு எந்த மேசையில் தூங்குகிறதோ! யுபிஎஸ் பேட்டரியைப் பற்றி ஆரம்பித்தால் இந்த மடல் முடியாது.

மன்னிக்கவும், கேட்க வந்தது ஒன்றுதான். அனுமதிக்கப்பட்ட இணைப்புகளையும் பதிவுசெய்ய உத்தரவிடுங்கள். முகவரி, தொடங்கிய நேரம், நீடித்த நேரம் போதும். அந்த வரியைத் திரும்பச் சேர்க்க எனக்கு ஐந்து நிமிடம் ஆகும். உங்கள் கையொப்பம் இல்லாமல் சேர்க்க எனக்கு அதிகாரம் இல்லை. தயவுசெய்து இந்த வாரமே ஆவன செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்.

விளக்கத்துக்கான கெடு நாளை முடிகிறது. பதிவுக் கோப்பை முழுமையாக இணைத்திருக்கிறேன். யார் யார் உள்ளே வரவில்லை என்பதற்கு அதில் பக்கம் பக்கமாக ஆதாரம் இருக்கிறது.

இப்படிக்கு,
மதிப்பெண் சர்வரைக் கவனிக்கும் ஊழியன்