புயல் பாடம் ஒத்திகையோடு முடிந்துவிடக் கூடாது

ஆசிரியருக்கு வணக்கம்.

பள்ளி மாணவர்களுக்கு நடந்த பேரிடர் மீட்பு ஒத்திகை பற்றிய செய்தியைப் படத்தோடு வெளியிட்டிருந்தீர்கள். தீயணைப்பு வீரர்கள் ஒரு பையனைக் கயிறு கட்டி மாடியிலிருந்து இறக்குகிறார்கள். மற்ற பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். நல்ல காரியம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் ஆபத்து என்றால் யாராவது வந்து இறக்கிவிடுவார்கள் என்பதைத் தவிர, அன்று அந்தப் பிள்ளைகள் வேறு எதையும் கற்றதாகத் தெரியவில்லை.

கடலூரில் சமூக அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் புயல் என்றதும் நினைவுக்கு வருவது கலெக்டரின் விடுமுறை அறிவிப்பு. புயல் எப்படி உருவாகிறது என்று கேட்டால் புத்தகத்தில் உள்ளபடி எழுதி மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். அதே பிள்ளையிடம் டிவியில் ஓடும் வானிலை அறிக்கையில் ஒரு வரியை விளக்கச் சொல்லுங்கள், திருதிருவென்று விழிக்கும். அந்த அறிக்கையைப் படித்துப் புரிந்துகொள்ளச் சொல்லித் தருவதுதான் முதல் வேலை என்பது என் கட்சி.

‘கடலூர் துறைமுகத்தில் 5ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றம்’ என்று செய்தி வரும். எண் ஏற ஏற ஆபத்தும் ஏறும் என்றுதான் பெரியவர்களே நினைக்கிறார்கள். பாதிதான் சரி. 5, 6, 7 மூன்றும் ஒரே வலுவுள்ள புயலுக்கானவை, வேறுபாடு பாதையில்தான். புயல் போகும் பாதைக்கு இடப்பக்கம் துறைமுகம் இருந்தால் 5, வலப்பக்கம் இருந்தால் 6, துறைமுகத்தின் மேலேயோ மிக அருகிலோ கடந்தால் 7. தீவிரப் புயல் என்றால் இதே வரிசையில் 8, 9, 10. மேற்கு நோக்கி வரும் புயலுக்கு இடப்பக்கம் என்பது தெற்கு. ஆக, 5 என்றால் புயல் எங்களுக்கு வடக்கே கரையேறப் போகிறது; அப்போது காற்று பெரும்பாலும் தரையிலிருந்து கடலை நோக்கி வீசும். 6 என்றால் தெற்கே கரையேறுகிறது. காற்று கடல் தண்ணீரையும் தள்ளிக்கொண்டு ஊருக்குள் வரும். நம் பக்கத்துப் புயல்கள் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்வதுதான் காரணம். கரும்பலகையில் ஒரு வட்டமும் நாலு அம்புக்குறியும் போட்டால் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குப் பிடிபட்டுவிடும். மீனவர் வீட்டுப் பிள்ளைகள் வகுப்பில் இருந்தால் இன்னும் நல்லது, காற்றுத் திசை பற்றி வாத்தியாருக்கே பாடம் எடுப்பார்கள்.

அடுத்தது வேகம். அறிக்கையில் இரண்டு வேகம் சொல்வார்கள்: காற்று வீசும் வேகம் ஒன்று, புயல் நகரும் வேகம் ஒன்று. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதவர் குறைவு. ‘மணிக்கு பத்து கிலோமீட்டர்தானாம்’ என்று டீக்கடையில் அலட்சியமாகச் சொல்வார்கள். மெதுவாக நகர்கிற புயல்தான் மழையைக் கொட்டித் தீர்க்கும். 2018இல் கஜா புயல் டெல்டாவின் தென்னைகளைச் சாய்த்துவிட்டு, நிற்காமல் அரபிக்கடலுக்கே போய்ச் சேர்ந்தது. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்கு அருகே கரையேறிய ஃபெஞ்சல் புயலுக்குக் காற்றின் வலு குறைவுதான். ஆனால் கரையேறிய இடத்திலேயே மணிக்கணக்கில் நின்றது. மயிலம், புதுச்சேரிப் பக்கம் ஏறக்குறைய 50 செ.மீ. மழை.

சரி, 50 செ.மீ. என்றால் எவ்வளவு? இதையும் பிள்ளைகள் கையாலேயே அளந்து பார்க்கட்டும். பிளாஸ்டிக் பாட்டிலின் மேல்பகுதியை வெட்டிக் கவிழ்த்துப் புனலாக வைத்து, அடியில் கூழாங்கல் போட்டு, வளைவு மறையும் வரை தண்ணீர் ஊற்றி, அங்கிருந்து ஸ்கேல் ஒட்டினால் மழைமானி தயார். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் 10 செ.மீ. மழை பெய்தால் சுமார் 9,300 லிட்டர், ஒரு லாரித் தண்ணீர். 50 என்றால் ஐந்து லாரி, ஒரே மாடியில்! கணக்கு வகுப்புக்கு இதைவிட நல்ல கணக்கு எங்கே கிடைக்கும்?

அதே ஃபெஞ்சலில் எங்கள் மாவட்டத்துக்குப் பெரிய அடி கொடுத்தது புயல் கரையைக் கடந்த பிறகுதான். டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறக்கப்பட்டது. கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கம் பெய்த மழை தென்பெண்ணை வழியாகக் கடலூருக்கு வந்து சேர்ந்தது. தன் ஊர் ஆறு எங்கிருந்து வருகிறது, மேலே எந்த அணை இருக்கிறது என்று தெரிந்த பிள்ளை, தலைக்கு மேல் வானம் வெளுத்துவிட்டது என்பதற்காக ஆற்றங்கரைக்கு வேடிக்கை பார்க்கப் போகாது. இப்படித்தான் 2016இல் வர்தா புயலின் மையம் சென்னையைக் கடந்தபோது நடுவில் காற்று அடங்கியது. முடிந்துவிட்டது என்று வெளியே வந்தவர்கள் பலர். கொஞ்ச நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து காற்று மறுபடியும் பிடித்துக்கொண்டது.

இடி மின்னலுக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்க வேண்டும். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் உடனே கட்டடத்துக்குள் போய்விட வேண்டும், கடைசி இடிக்குப் பிறகும் அரை மணி நேரம் வெளியே வரக் கூடாது. மரத்தடி வேண்டவே வேண்டாம். இந்த ஒன்றை மட்டும் விளையாட்டு ஆசிரியர்களுக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சின்னப் பிள்ளைகளிடம் இதையெல்லாம் சொல்லிப் பயமுறுத்தலாமா என்று பெற்றோர் சிலர் கேட்பதுண்டு. ‘தானே’ புயல், கஜா புயல் என்று பார்த்த ஊர்களில் பயம் ஏற்கெனவே இருக்கிறது. காற்று எந்தப் பக்கமிருந்து வரும், எப்போது திசை மாறும் என்று முன்கூட்டியே தெரிந்தால் அது குறையத்தான் செய்யும். பாடத்திட்டம் மாறும் வரை இதற்காகக் காத்திருக்கவும் வேண்டாம். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு நாலு வகுப்பு ஒதுக்கினால் போதும், அரைப் பரீட்சைக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். அக்டோபர் முதல் வாரத்தில் ஒரு நாள் அரைப்பக்கம் ஒதுக்கி, அட்சரேகை, தீர்க்கரேகை போட்ட வங்கக்கடல் வரைபடத்தை வெற்றாக அச்சிட்டுக் கொடுங்கள். வானிலை மையம் ஒவ்வொரு முறை சொல்லும் இடத்தையும் பிள்ளைகள் புள்ளி வைத்துக் கோடு இழுத்துக்கொண்டே வரட்டும். சென்னைக்குக் கீழே கடலூர், நாகை, பாம்பன், தூத்துக்குடி எல்லாம் குறித்திருக்க வேண்டும். தயவுசெய்து கடலின் மேல் மட்டும் விளம்பரம் போட்டுவிடாதீர்கள், புள்ளி வைக்க வேண்டிய இடமே அதுதான்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சமூக அறிவியல் ஆசிரியர்,
கடலூர் முதுநகர்.